பாரோன் தம்பித்துரை

பெட்டிக்குள் கிடந்த தமையன் தம்பித்துரையின் நெற்றியில் ஜெயகௌரி திருநீறு பூசிக்கொண்டிருந்தபோது, மயான மண்டபத்தின் கதவு திறந்தது. கைத்தடியை ஊன்றியபடி ஒரு வெள்ளைக்காரக் கிழவர் உள்ளே வந்தார்.

"இஞ்சேருங்கோ, அண்ணையின்ர பிரபு!" என்று கணவன் இரவீந்திரனிடம் கிசுகிசுத்தாள்.

தம்பித்துரை எண்பத்து நாலாம் ஆண்டில் சுவிசுக்கு, ரெனானுக்கு வந்தவர். லோசானில் ஒரு பிரெஞ்சு விகொம்த் வீட்டில் வேலை. விகொம்த் என்றால் பிரபுப் பட்டங்களில் கோம்த்துக்குக் கீழே, பாரோனுக்கு மேலே என்று பிறந்தநாள் விருந்துகளில் விரல் மடக்கி விளக்குவார். தான் அவருடைய செயலாளர் என்பார். வீடு துடைக்கிற வேலை என்பது ஜெயகௌரிக்கு மட்டும் தெரியும். முந்தாநாள் மாரடைப்பில் அவர் போனபிறகும் அவள் வாய் திறக்கவில்லை.

கிழவர் பெட்டியருகே நின்று பிரெஞ்சில் பேசத் தொடங்கினார். மொழிபெயர்க்கச் சொல்லி எல்லோரும் ஜெயகௌரியைப் பார்த்தார்கள்.

"தான் விகொம்தே இல்லையாம்." என்றாள் ஜெயகௌரி. "தகப்பன் பாண் சுட்டு விக்கிற போறணை வைச்சிருந்தவராம். பட்டத்தைத் தானே வைச்சுக்கொண்டாராம்."

கிழவர் பெட்டியைப் பார்த்தபடி மேலும் பேசினார்.

"அலுமாரி துடைக்கேக்க அண்ணை இவற்ர பழைய பிறப்புப் பத்திரத்தைப் பாத்திட்டாராம்…"

துடைக்கேக்க. சொல் வாயைவிட்டுப் போய்விட்டது. ஜெயகௌரி ஒரு கணம் கண்ணை மூடினாள்.

"ஓம், அண்ணை அங்க வீடு துடைச்சவர். செயலாளர் இல்லை." பிறகு மளமளவென்று வந்தது. "அடுத்தநாள் காலமை அண்ணை போய், 'வணக்கம், மொன்சியே லெ விகொம்த்' எண்டு முந்தியைவிடச் சத்தமாச் சொன்னாராம். ஆனா தன்னை இனிப் பாரோன் எண்டு கூப்பிட வேணுமாம். இல்லாட்டி யன்னல் துடைக்க மாட்டாராம்!"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"மூண்டு வருசமா ரெண்டுபேரும் விடிஞ்சாக் குனிஞ்சு வணக்கம் சொல்லுவினமாம். தபால்காரன் பயந்துபோனானாம்."

இப்போது மண்டபமே சிரித்தது. அழுதழுது தொண்டை கட்டிப்போயிருந்த இரவீந்திரனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

கிழவர் முதுகு விட்ட மட்டும் குனிந்தார். "மொன்சியே லெ பாரோன்," என்றார். நிமிர முடியவில்லை. ஜெயகௌரி ஓடிப்போய்த் தாங்கினாள்.

முன்வரிசையில், குடும்பத்தார் நடுவில், இரவீந்திரன் நகர்ந்து இடம் விட்டான். பூப்போடும் நேரம் வந்தபோது ஜெயகௌரி கிழவரின் கையில் ஒரு பிடி இதழ்களை வைத்தாள். அந்தக் கை இன்னும் சிரிப்பில் குலுங்கிக்கொண்டிருந்தது. பெட்டிக்குப் போகும் வழியெல்லாம் இதழ்கள் உதிர்ந்தன.