ஐஸ் பாரில் உப்பு

காரைக்கால் தருமபுரம் ஐஸ் கம்பெனி முதலாளி அற்புதராஜுக்குத் தன் கிணற்றின் மேல் இருந்த பெருமை பெற்ற பிள்ளைகள் மேல்கூடக் கிடையாது. கம்பெனியும் வீடும் ஒரே மனையில். வருகிறவர்களை உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, "எங்க கிணத்துத் தண்ணிங்க, எப்படி?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நன்றாக இல்லையென்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

எண்பத்திரண்டில் காரைக்காலுக்கு நல்ல காலம் பிறந்திருந்தது. விசைப்படகுகள் பெருகின, லாட்ஜுகள் முளைத்தன, எல்லோருக்கும் ஐஸ் வேண்டியிருந்தது. பகலில் மட்டும் ஓடிய மோட்டார் இப்போது விடிய விடிய ஓடியது. அது போதாதென்று இரண்டாவது மோட்டாரும் வந்து இறங்கி, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பங்குச்சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிப்பதற்காகக் காத்திருந்தது. ஆற்றுக்குத்தான் நல்ல காலம் இல்லை. மேலே இருக்கிறவர்கள் நட்டு, குடித்து, குளித்து மிச்சம் வைப்பதுதான் அரசலாற்றில் காரைக்காலுக்கு வரும். அந்த வருஷம் யாரும் மிச்சம் வைக்கவில்லை.

முதலில் வாயைத் திறந்தவள் அடுத்த வீட்டு அஞ்சுகம். தினமும் பஸ்ஸில் மீன்கூடையோடு, கடலை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் குரும்பகரம் போய் விற்று வருகிறவள்.

"மொதலாளி, ஒங்க ஐஸ் குரும்பகரம் வரைக்கும் டிக்கெட் எடுக்கிறதில்ல போல. பாதி வழியிலயே உருகி எறங்கிடுது."

அற்புதராஜ் ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்தார். உப்புக் கரித்தது. உப்பு ஏறிய ஐஸ் நிற்காது.

மனிதர் அசரவில்லை. ஐஸ் கம்பெனியில் உப்புக்கா பஞ்சம்? தண்ணீர் ஊற்றிய தகரக் கேன்களை உப்புக் கரைசல் தொட்டியில் இறக்கித்தானே உறைய வைக்கிறார்கள். கேனில் ஓட்டை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். மெக்கானிக் பஞ்சநாதன் நூற்றிருபது கேன்களிலும் தண்ணீர் நிரப்பித் தொங்கவிட்டுப் பார்த்தான். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

"அப்ப தூக்கும்போது தெறிக்குது" என்றார் முதலாளி.

பஞ்சநாதன் மோட்டார் குழாயில் கையை ஏந்தி ஒரு வாய் குடித்தான். முகம் கோணியது.

"கெணறே உப்புங்க. நல்ல தண்ணிய நாம உறிஞ்ச உறிஞ்ச கடல் தண்ணி உள்ள ஏறுது. ரெண்டாவது மோட்டாரும் ஓடுனா தெருவுல ஒரு கெணறு மிஞ்சாதுங்க."

"போய்யா! காலையிலகூட இந்தத் தண்ணியிலதான் காப்பி குடிச்சேன். தேனு!" சாட்சிக்கு மனைவியைக் கூப்பிட்டார்.

ஜெயமேரி தரையைப் பார்த்தாள். "பொங்கல்லேர்ந்து நம்ம தண்ணியில காப்பி போடலைங்க. பால் திரிஞ்சுபோவுது. அஞ்சுகம்தான் வர்றப்ப குரும்பகரத்துலேர்ந்து ஒரு கொடம் நமக்கும் கொண்டாருது. அது வீட்டுக் கெணறு நமக்கு முன்னாடியே போச்சு."

"ஏன்டி சொல்லல?"

"நீங்க மொகத்தையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தா எப்படிங்க சொல்றது?"

போன வாரம் அஞ்சுகத்துக்கே காப்பி கொடுத்து எப்படி என்று கேட்டது அவருக்கு ஞாபகம் வந்தது. "அசல் குரும்பகரத்துத் தண்ணி மாதிரியே இருக்கு மொதலாளி" என்று சிரிக்காமல் சொல்லியிருந்தாள். அவரும் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இன்னொரு டம்ளர் கொடுக்கச் சொன்னார். இப்போது வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் கிணற்றைக் கெடுத்தது தன் மோட்டார்; அதற்கு அவள் தன் வீட்டுக்கே தண்ணீர் சுமந்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை சாமியார் வந்தபோது மந்திரிக்க மோட்டார் இல்லை, திருப்பி அனுப்பியாகிவிட்டது. காப்பி குடித்துவிட்டுப் போனார். பழைய மோட்டாரும் அரை நாள்தான் ஓடியது. லாட்ஜ்காரர்கள் வேறு கம்பெனி தேடிக்கொண்டார்கள். அற்புதராஜுக்கு வயிறு எரியத்தான் செய்தது.

தினமும் மத்தியானம் மோட்டாரை நிறுத்திவிட்டுச் சுவரோரம் வந்து நிற்பார். அந்தப் பக்கம் அஞ்சுகம் தன் கிணற்றில் ஒரு வாளி இறைத்து, ஒரு வாய் கொப்புளிப்பாள். பதில் வரும்வரை அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அவள் துப்புவாள்.

"இன்னும் உப்புதான் மொதலாளி. நாளைக்கும் நிறுத்துங்க."