ஒரு நொடி யோசிக்கும் ஸ்டீரிங்

1

இந்தக் கதை ஒரு மஞ்சள் துணியிலிருந்து பிறந்தது. வண்டி துடைக்கும் துணி. ஆனால் நான் முதலில் எழுதிய தொடக்கம் வேறு:

"காலைச் சூரியன் தன் பொற்கதிர்களை ஒர்க்‌ஷாப்பின் மீது—"

வேண்டாம். எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குத் தகரக் கூரை. சூரியன் அனலாக வருமே தவிர, கதிராக வந்ததில்லை. நாற்பத்தேழு வயதில் எழுத்துக்கூட்டப் பழகியவனுக்குப் பொற்கதிர் எதற்கு?

நேராகக் கேள்விக்கே வருகிறேன். வண்டிகளுக்குள் இருக்கிற நுணுக்கமான வித்தியாசமெல்லாம் சாதாரணமாக ஓட்டுகிறவர்களுக்கு நிஜமாகவே தெரியுமா? தெரியவே தெரியாது என்று நிரூபிக்கத்தான் நோட்டைத் திறந்தேன். எனக்கு அந்தத் தகுதி உண்டு. பத்தொன்பது வருடமாக வண்டிகளுக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

2

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் 'துடைப்பு வைத்தியம்' என்று ஒன்று உண்டு.

யாராவது வந்து, "வண்டி என்னமோ ஒரு மாதிரி இருக்கு" என்பார். மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார். ஒன்றும் பிடிபடாவிட்டால் முதலாளி எனக்குக் கண்ணைக் காட்டுவார். நான் வண்டியை லிஃப்டில் ஏற்றி அரை மணி நேரம் உயரத்தில் நிறுத்தி வைப்பேன். பிறகு இறக்கி, ஸ்டீரிங்கையும் முன் கண்ணாடியையும் அந்த மஞ்சள் துணியால் பளிச்சென்று துடைப்பேன். அவ்வளவுதான் வைத்தியம். டயருக்குக் காற்றுகூட அடிப்பதில்லை. இதற்குக் கூலியும் வாங்குவதில்லை. முதலாளிக்கு அந்த அளவுக்கு மனசாட்சி உண்டு.

போன மாதம் ஒரு பல் டாக்டர்.* துடைத்த வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து இறங்கினார்.

"என்ன பண்ணீங்க? சும்மா வழுக்கிட்டுப் போகுது!"

"அங்கங்க கொஞ்சம் சரி பண்ணோம் சார்," என்றார் முதலாளி.

"அதானே பார்த்தேன்! கையை வச்சதுமே தெரிஞ்சுது. எல்லாருக்கும் இது பிடிபடாது. நமக்குப் பிடிபடும்."

அவர் தெருமுனை திரும்பும்வரை மெக்கானிக் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். "பிடுங்காமலே பல்வலி போயிடுச்சுன்னு சொல்ற முதல் ஆளு இவருதான்."

(*டாக்டர், தற்செயலாக இதைப் படிக்க நேர்ந்தால்: இது வேறு டாக்டர்.)

3

இந்த இடத்தில் கதைக்கு இன்னொரு ஆள் தேவைப்பட்டது. ஒரு நர்ஸை உருவாக்கினேன். ஆனால் அந்த நர்ஸ் வாயைத் திறந்தாலே என் மனைவி மாதிரி பேசினாள். இரண்டு பக்கம் அடித்துத் திருத்தி எழுதிப் பார்த்தும் மாறவில்லை. சரி, மனைவி என்றே எழுதிவிடுகிறேன்.

என் மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். பதினொரு பிள்ளைகள். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு மாலை, பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு வேனை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தாள்.

"இடது பக்கம் ஒடிச்சா ஸ்டீரிங் ஒரு நொடி யோசிச்சுட்டுத்தாங்க திரும்புது."

"யோசிக்குதா? அது எதுவரைக்கும் படிச்சிருக்கு?"

"நீங்க மட்டும் என்ன, படிச்சுட்டா யோசிக்க ஆரம்பிச்சீங்க?"

மெக்கானிக் ஓட்டிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. முதலாளி கண்ணைக் காட்டினார்.

[இந்த இடத்தில் நான் தயங்கினேன் என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். தயங்கவில்லை.]

அன்றைக்கு அது பதினைந்தாவது வண்டி. இடுப்பு விட்டுப்போயிருந்தது. லிஃப்டில் ஏற்றிய வண்டியின் முன்சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே ஏதாவது தேய்ந்திருந்தால் சக்கரம் லேசாக ஆடிக் காட்டிக்கொடுக்கும். ஒரு நிமிட வேலை. நான் ஆட்டவில்லை. அரை மணி நேரம் தூணில் சாய்ந்து நின்றேன். இறக்கினேன். துடைத்தேன்.

ஒரு சுற்றுப் போய்வந்தாள்.

"இப்ப எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க."

பார்த்தீர்களா? கட்டின மனைவிக்கே தெரியவில்லை. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

4

முடிவு, ஒன்று: "ஆகவே, வண்டி ஓடுவது ரோட்டில் அல்ல, ஓட்டுகிறவர் மனசில்."

எழுதி முடித்ததும் எனக்கே கை தட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. நான் எழுதுவதையெல்லாம் பிழை திருத்துகிறவள் மனைவிதான். இன்று ஞாயிறு; மதியச் சாப்பாடு முடிந்து, அடுப்படி மேசையிலேயே உட்கார்ந்து பென்சிலோடு படித்தாள். பல் டாக்டர் வந்த இடத்தில் சிரித்தாள். மூன்றாம் பகுதியில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

"நீங்க வெறுமனே துடைச்சுதான் குடுத்தீங்கன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."

"தெரியுமா? அப்புறம் ஏன் நல்லா இருக்குன்னு சொன்னே?"

"தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க. முகத்துல ரத்தமே இல்ல. இன்னொரு தடவை ஏத்துங்கன்னு எந்த வாயால சொல்றது?"

"ஸ்டீரிங்?"

"அது பாட்டுக்கு யோசிச்சுட்டுத்தான் இருக்கு. இடது வளைவு வந்தா நானே ஊர்ந்துதான் போறேன். 'இறங்கி நடந்தா முன்னாடியே போயிடலாம் ஆன்ட்டி'ன்னு பசங்க கேலி பண்ணுதுங்க."

"நான் ஒண்ணும் பண்ணலன்னு எப்படிக் கண்டுபிடிச்சே?"

"'இப்ப எப்படி இருக்கு'ன்னு கேட்டீங்கல்ல? கேக்குறதுக்கு முன்னாடி ஒரு நொடி யோசிச்சீங்க."

அப்படியானால் என் பத்தொன்பது வருட ஆதாரம்? வந்தவர்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டுத்தான், அந்தப் பல் டாக்டர் உட்பட—

(இல்லை. அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவர் மட்டுமாவது ஆதாரமாக இருந்துவிட்டுப் போகட்டும்.)

5

முடிவு, இரண்டு: "மறுநாள் காலை, இடது பக்க வளைவில், வேன்—"

இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். கதைக்காகக்கூட. அந்தப் பதினொரு பைகளில் எதற்கு ஜிப் போயிருக்கிறது என்பதுவரை எனக்குத் தெரியும்.

முடிவு, மூன்று: "சக்கரத்தை ஆட்டினான். ஆடவில்லை. எல்லாம் மனப்பிரமை என்று கணவனும் மனைவியும் சிரித்தார்கள்." இதை ஆசைப்பட்டு எழுதினேன். ஆசைப்பட்டு எழுதியது என்பது படித்தாலே தெரிகிறது.

"முடிவை அப்புறம் எழுதிக்கலாம், எழுந்திரிங்க," என்றாள் மனைவி. "காலைல ஏழு மணிக்கு முதல் பிள்ளை ஏறணும்."

ஆகவே இப்போது வாசலில் இருக்கிறேன். பின்சக்கரத்துக்குக் கல் வைத்தாயிற்று. ஜாக்கி போட்டு இடது முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கியாயிற்று. நோட்டு பானெட் மேல் கிடக்கிறது. இந்தப் பக்கத்தின் ஓரத்தில் இருக்கும் கறை என் கட்டைவிரல். மனைவி இடுப்பில் கை வைத்துப் பக்கத்தில் நிற்கிறாள். எனக்காக இனிமேல் எதையும் நல்லா இருக்கு என்று சொல்லப் போவதில்லையாம். இந்தக் கதையையும் சேர்த்துத்தானாம்.

இனி ஆட்டிப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. இவ்வளவு தூரம் கூடவே வந்துவிட்டீர்கள், சும்மா நிற்காதீர்கள். அந்தப் பக்கம் நீங்கள் பிடியுங்கள், இந்தப் பக்கம் நான். ஆடினால் ஆடுகிறது என்று சொல்லிவிடுங்கள். ஆள் களைத்துப்போயிருக்கிறானே என்று பார்த்து, நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.