நாலரை சென்டிமீட்டர்

கட்டிங் மாஸ்டரின் வலது காலில் புதிதாக வளர்ந்த எலும்பு முதன்முதலாக அழுதது ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்றேகால் மணிக்கு. அறுவை சிகிச்சை முடிந்து அன்றைக்குப் பதினெட்டாவது நாள். பக்கத்துக் கட்டிலில் இடுப்பு முறிந்து கிடந்த அம்மாள், யாரோ கைக்குழந்தையோடு பார்க்க வந்திருக்கிறார்கள் என்று வாசலைத் திரும்பிப் பார்த்தாள். வாசலில் யாரும் இல்லை. நர்ஸ் வந்து போர்வையை விலக்கி, முழங்காலுக்குக் கீழே காலைச் சுற்றி நின்ற நான்கு இரும்பு வளையங்களுக்கு நடுவில் குனிந்து காது கொடுத்தாள். பிறகு கால்மாட்டில் தொங்கிய அட்டையில், காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை என்பதற்கு அடுத்த வரியில் ‘அழுகை உண்டு, சத்தம் சாதாரணம்’ என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். எலும்புக்கு அப்போது பதினோரு மில்லிமீட்டர்.

மாஸ்டருக்கு வயது முப்பத்தெட்டு. சீருடை தைக்கிற ஒரு பட்டறையில் துணி வெட்டுகிற வேலை. இருபது மடிப்புத் துணியை ஒரே மூச்சில் கோடு பிசகாமல் வெட்டுவாள் என்பதால், பெண்ணாக இருந்தாலும் எல்லோருக்கும் அவள் மாஸ்டர்தான். இடதுகாலை விட வலதுகால் நாலரை சென்டிமீட்டர் குட்டை. கணுக்காலுக்கு மேலே வில் மாதிரி வெளிப்பக்கம் வளைந்தும் இருந்தது. மேசையைச் சுற்றி நடக்கும்போது ஒரு பலகையைக் காலாலேயே தள்ளிக்கொண்டு போய் அதன்மேல் வலதுகாலை வைத்து நிற்பாள். பலகை உரசுகிற சத்தத்தை வைத்தே மாஸ்டர் எந்த மூலையில் நிற்கிறாள் என்று தலையைத் தூக்காமல் தையல்காரர்கள் சொல்லிவிடுவார்கள். தன் பேன்ட்டுகளை அவளே வெட்டிக்கொண்டாள், ஒரு கால் குட்டையாக.

ஆறு வயதில் அக்காவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து போனபோது வலதுகால் சக்கரக் கம்பிகளுக்குள் போய்விட்டது. எலும்பு நீளுகிற இடமே நசுங்கிப்போனதால் அந்தப் பக்கம் மட்டும் வளர மறுத்துவிட்டது. சைக்கிள் ஓட்டிய அக்காவுக்கு அப்போது பதினொன்று. அவள் பிற்பாடு பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலைக்குச் சேர்ந்து, தங்கை இருந்த கட்டடத்திலேயே மாடியில் குடிவந்து, காலையும் மாலையும் இறங்கி வந்து அவளுக்குத் தண்ணீர் பிடித்து வைத்தாள். பேருந்துத் தடத்தின் கடைசி ஊருக்கு நிலைய அதிகாரியாகப் போகச் சொல்லி இரண்டு முறை உத்தரவு வந்தது. இரண்டு முறையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். எல்லா ஊருக்கும் டிக்கெட் கொடுத்தாளே தவிர ஓர் ஊருக்கும் போனதில்லை. அந்தச் சைக்கிளைப் பற்றி முப்பத்திரண்டு வருஷத்தில் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதும் இல்லை.

இப்படியே விட்டால் பத்து வருஷத்தில் இடுப்பும் முதுகும் போய்விடும் என்று டாக்டர் சொன்னதால்தான் மாஸ்டர் சம்மதித்தாள். எலும்பைக் குறுக்கே வெட்டி, வளைவை நிமிர்த்தி, வளையங்களை மாட்டி, ஒரு வாரம் கழித்து அதிலுள்ள மரைகளை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கால் மில்லிமீட்டர் திருப்ப வேண்டும். வெட்டின இடம் மெதுவாக விலக விலக, நடுவில் புது எலும்பு பிறக்கும் என்றார் டாக்டர். பிறக்கும் என்று அவர் சொன்னதை அப்போது யாரும் அவ்வளவு கவனித்துக் கேட்கவில்லை.

மரை திருப்புகிற வேலையை அக்கா எடுத்துக்கொண்டாள். அதற்காகப் பணி நேரத்தை மாற்றிக்கொண்டாள். சுண்டுவிரல் அளவு ஸ்பேனரைக் கைப்பையில் தனியாக ஓர் உறையில் போட்டு வைத்தாள். உப்புநீரில் பஞ்சை நனைத்து, சதைக்குள் கம்பி நுழைகிற இடத்தை எல்லாம் துடைத்தாள். பாதம் கீழே தொங்கிப்போகாமல் இருக்க ரப்பர் பட்டையை மாட்டி இழுத்துப் பிடித்தாள். எலும்பு அழுதால் வளையத்தின்மேல் இரண்டு விரலால் தட்டிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்த மறுநாளே கட்டடம் முழுக்கச் செய்தி பரவி, எதிர்வீட்டுக்காரி ஒரு கிலுகிலுப்பையும் பின்னல் தொப்பியும் கொண்டுவந்தாள். தொப்பியை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் மேல்வளையத்து மரையில் தொங்கவிட்டார்கள். லாரி ஹாரன் அடித்தாலும் அழுகை, குக்கர் விசில் அடித்தாலும் அழுகை. மறுபடி காட்டப் போனபோது டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். பசி இல்லை, பயம் என்றார்.

நாற்பத்தைந்து நாளில் நாலரை சென்டிமீட்டர் ஆனது. மரை திருப்புவது நின்றது. இனி அது கெட்டியாக வேண்டியதுதான் பாக்கி. ஆனால் நாலாம் மாத எக்ஸ்ரேயிலும் வெட்டின இடத்தில் மேகம் மாதிரி ஒரு மங்கல்தான் தெரிந்தது, ஐந்தாம் மாதத்திலும் அதே மங்கல். காலைத் தரையில் ஊன்றிப் பாரத்தைப் போட்டால்தான் எலும்பு இறுகும் என்று உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பிசியோ தொண்டை வலிக்கச் சொன்னாள். மாஸ்டர் ஊன்றிப் பார்க்காமல் இல்லை. பாதம் தரையில் பட்டதும் எலும்பு வீறிடும். உடனே அக்கா ஓடி வந்து தோளைப் பிடிப்பாள். “வேணாம்டி, உக்காரு. நாளைக்குப் பாத்துக்கலாம்.”

“கொஞ்சிக்கிட்டே இருந்தா அது இப்படியேதான் இருக்கும்” என்றாள் பிசியோ.

“நீங்க பெத்து வளத்திருக்கீங்களா?” என்று கேட்டாள் அக்கா.

“மூணு. மூணும் நடக்குது.”

இன்னும் ஒரு மாதம் பார்ப்போம், இல்லையென்றால் இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைத்து மறுபடி அறுவை சிகிச்சை, இந்த வளையக் கூடும் இன்னொரு வருஷம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். பட்டறையில் தற்காலிகமாக வந்த ஆள் வெட்டிய சட்டைகளில் இரண்டு கையும் இடது கையாகவே இருந்ததாகத் தகவல் வந்தது. மாஸ்டர் சிரிக்கவில்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாஸ்டர் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எலும்பு விட்டுவிட்டு அழுதுகொண்டிருந்தது. தங்கை தூங்குகிறாள் என்று நினைத்து அக்கா அதனிடம் பேச ஆரம்பித்தாள்.

“அழாதம்மா. உன்னை ஒண்ணும் பண்ண மாட்டேன். உனக்குக் கீழ இருக்கே பழைய எலும்பு, அதைக் கெடுத்தது நான்தான். முன்னால போனவனை முந்தணும்னு வேகமா மிதிச்சேன். காலை அகட்டி வெச்சுக்கோன்னு சொல்லாம விட்டுட்டேன். அவ கத்தினது எனக்குச் சிரிக்கிற மாதிரியே கேட்டுச்சு. அதான் நிறுத்தல.”

எலும்பு அழுகையை நிறுத்திவிட்டது. மாஸ்டர் கண்ணைத் திறந்தாள்.

“நான் சிரிக்கத்தான்கா செஞ்சேன்.”

அக்காவின் கையிலிருந்த பஞ்சு அப்படியே நின்றது.

“காலை அகட்டி வெச்சுக்கோன்னு நீ ரெண்டு தடவை சொன்ன. நான்தான் செருப்பு நுனியைக் கம்பில வெச்சுப் பாத்தேன். டகடகன்னு சத்தம் வந்துச்சு. நல்லா இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் உள்ள விட்டேன்.”

“ஏன்டி சொல்லல?”

“அதுக்கு முன்னாடி அழுது அடம்பிடிச்சாத்தான் என்னைக் கூட்டிட்டுப் போவ. ஆஸ்பத்திரியில நீயா வந்து என் கட்டில்ல படுத்துக்கிட்ட. சொன்னா எறங்கிப் போயிடுவன்னு நெனச்சேன். அப்புறம் நீ போகவே இல்லையா, சொல்றதுக்கு நேரமே வரல.”

இன்னும் மூன்று கம்பிகள் பாக்கி இருந்தன. அக்கா மூன்றையும் துடைத்தாள். துணி சுற்றினாள். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, ஸ்பேனரை உறையோடு மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனாள். கோபம் வந்தால் கதவை அறைந்து சாத்துகிறவள் அவள். அன்றைக்குச் சத்தமே இல்லாமல் சாத்தினாள்.

மறுநாள் காலையில் அக்கா தான் வழக்கமாக உட்காருகிற கவுன்ட்டருக்கு, பயணிகள் நிற்கிற பக்கமாக வந்து நின்று, கடைசி ஊருக்கு ஒரு டிக்கெட் கேட்டாளாம். உள்ளே இருந்த பெண் தமாஷ் என்று நினைத்துச் சிரித்திருக்கிறாள். அக்கா சிரிக்கவில்லை. எதிர்வீட்டுக்காரி வந்து சொல்லித்தான் மாஸ்டருக்கு இது தெரியும்.

முதல் இரண்டு நாள் எலும்பும் அவளும் சேர்ந்து அழுதார்கள். எதிர்வீட்டுக்காரி சாப்பாடு வைத்துவிட்டுப் போவாள். அவளுக்கும் வேலை இருந்தது. மூன்றாம் நாள் மாஸ்டருக்கு டீ குடித்தே ஆக வேண்டும் போல் இருந்தது. கட்டிலிலிருந்து அடுப்பு ஆறு எட்டு வைக்கிற தூரம். இரண்டு ஊன்றுகோலையும் பிடித்து எழுந்தாள். பாதம் பட்டதும் எலும்பு வீறிட்டது. உக்காரு என்று சொல்ல அறையில் யாரும் இல்லை. அவள் நின்றுகொண்டே அதனிடம் சொன்னாள்.

“எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா டீ அங்க இருக்கே.”

அடுப்புக்குப் போகப் பன்னிரண்டு நிமிஷம் ஆனது. அது வழி முழுக்க அழுதது. அவள் நிற்கவில்லை. டீயைப் போட்டு, அடுப்படியிலேயே நின்று குடித்தாள். ஆறினாலும் குடித்தாள். அன்று மாலை, பிசியோ கொடுத்துவிட்டு ஒருநாளும் தொடாமல் கிடந்த எடை பார்க்கிற மெஷினைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து, வலதுகாலை மட்டும் அதன்மேல் வைத்து அழுத்தினாள். நாலு கிலோ. சுவரில் பென்சிலால் குறித்தாள். அடுத்த நாள் ஏழு, அதற்கடுத்து பதினொன்று. பதினைந்தாவது கிலோவில் வீறிடல் விம்மலானது. ஒன்பதாம் நாள் முள் இருபத்தாறில் வந்து நின்றபோது எலும்பு விக்கியது, கொஞ்ச நேரம் சும்மா இருந்தது, பிறகு தண்ணீர்க் குடத்துக்குள் யாரோ பேசுகிற மாதிரி குபுக் குபுக்கென்று ஒரு சத்தம் போட்டது. சிரிக்கிறது என்று புரிய மாஸ்டருக்குச் சிறிது நேரம் ஆனது. சொல்லிக்கொள்ளப் பக்கத்தில் ஆள் இல்லாமல் அவள் மெஷின்மேல் கால் வைத்தபடியே வெகுநேரம் நின்றாள்.

பதினோராம் நாள் மத்தியானம் அக்கா ஒரு தோள்பையோடு வாசலில் வந்து நின்றாள். மாஸ்டர் ஒரே ஒரு ஊன்றுகோலோடு அடுப்பின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். உக்காரு என்று சொல்ல அக்காவுக்கு வாய்வரைக்கும் வந்தது. மென்று விழுங்கிக்கொண்டாள்.

“கோபம் எட்டாம் நாளே தீந்துடுச்சு” என்றாள். “மிச்ச நாள் சும்மா சுத்திப் பாத்தேன். நல்ல ஊருதான்.”

“அங்கேயே இருந்திருக்கலாமே.”

“யோசிச்சேன்.” பையை இறக்கி வைத்தாள். “இனிமே கடனேன்னு வந்து நிக்க மாட்டேன். எனக்குத் தோணினா வருவேன். தோணலைன்னா வர மாட்டேன்.”

“சரிக்கா.”

“இன்னிக்குத் தோணுச்சு.”

மாஸ்டர் இன்னொரு டம்ளரை எடுத்து வைத்தாள். அதற்காக அவள் ஊன்றுகோலை விட்டதை அக்கா பார்த்தாள். ஆனால் போய்ப் பிடிக்கவில்லை.

அந்த மாத எக்ஸ்ரேயில் மேகத்தின் ஓரமாக ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. அடுத்த மாதம் மூன்று கோடுகள். ஒன்பதாம் மாதம் கம்பிகளை உருவி வளையங்களைக் கழற்றினார்கள். காலில் பதினான்கு குழித்தழும்புகள் தங்கின. எல்லாக் குழந்தைகளையும் போலப் பதினோராம் மாதத்தில் எலும்பு நடக்கப் பழகியது. முதல்நாள் கட்டடமே கூடத்தில் கூடி நின்று கை தட்டியது. பிசியோ மட்டும் கை தட்டாமல் குதிகால் ஊன்றுகிறதா என்று குனிந்து பார்த்தாள். பட்டறைக்குத் திரும்பியபோது பலகை தேவைப்படவில்லை. சத்தம் இல்லாததால் மாஸ்டர் எங்கே நிற்கிறாள் என்று தெரியாமல் தையல்காரர்கள் நாலைந்து நாள் திணறினார்கள். தனக்கென்று வெட்டிய முதல் பேன்ட்டைக் கைப்பழக்கத்தில் ஒரு கால் குட்டையாகவே வெட்டிவிட்டாள்.

இரண்டாம் வயதில் அது எதற்கெடுத்தாலும் மாட்டேன் என்றது. ஒருமுறை சாலையின் நடுவில் அசையாமல் நின்றுவிட, போக்குவரத்துக் காவலர் இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்திவைத்துக் காத்திருந்தார். மூன்றாம் வயதில் தேங்கிய தண்ணீர் எல்லாவற்றிலும் குதித்தது; இடதுகாலும் கூடப் போக வேண்டியதாயிற்று. ஐந்தில் அளவு டேப்பைப் பார்த்து எண்ணக் கற்றுக்கொண்டு, மாஸ்டர் கணக்கைத் தப்பாகச் சொன்னால் தரையைத் தட்டியது. ஆறாம் வயது நடந்த அந்த ஒரு வருஷம் முழுக்க, சைக்கிள் எதிரே வந்தால் அக்கா மாஸ்டரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவின் அந்தப் பக்கம் போனாள். ஒன்றும் ஆகவில்லை. ஏழு பிறந்தது. அக்கா வருஷத்துக்குப் பத்து நாள் விடுப்பு எடுத்து, தான் டிக்கெட் கொடுத்த ஊர்களுக்கு ஒவ்வொன்றாகப் போய்வந்தாள். மாடிப்படி ஏற முழங்கால் ஒத்துழைக்காமல் போனதும் கீழ்வீட்டுக்கே வந்துவிட்டாள். அதுவும் தோன்றியதால்தான் என்று சொன்னாள்.

எட்டாம் வயதில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. அன்றைக்கு அதற்குள் நாற்பது வீடு முடித்துவிட்ட களைப்போடு கணக்கெடுப்பவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். மாஸ்டர் இரண்டு என்றாள். உள்ளேயிருந்து அக்கா மூன்று என்றாள். கணக்கெடுப்பவர் மாஸ்டரை நிமிர்ந்து பார்த்தார். மாஸ்டர் பேன்ட்டைச் சற்று மேலே தூக்கிக் காட்டினாள். அவர் பார்த்துவிட்டுப் பிறந்த தேதி கேட்டார். அக்கா தேதியையும் கிழமையையும் மணியையும் சொன்னாள்.

“வேலை?”

“படிக்குது” என்றாள் மாஸ்டர்.

“குடும்பத் தலைவருக்கு என்ன உறவு?”

மாஸ்டர் யோசித்தாள். எட்டு வருஷத்தில் அவளுக்கு அது தோன்றியதே இல்லை. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே அக்கா வாசலுக்கு வந்தாள்.

“தலைவின்னு என் பேரைப் போட்டுக்கோங்க. நான்தான் மூத்தவ. இவ தங்கச்சி. அது கடைசித் தங்கச்சி.”

கட்டத்துக்குள் ‘கடைசி’ கொள்ளவில்லை. அவர் இரண்டு இடத்திலும் தங்கை, தங்கை என்று எழுதி, கதவு நிலையில் சாக்பீஸால் 3 என்று போட்டுவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார்.