பாறை விளிம்பில் ஒரு வில்லோ

இஷ்பெல் அந்த ஸ்காட்லாந்து மலைக்குக் காவலராக வந்தபோதே, உச்சிக்குக் கீழே ஒரு பாறை விளிம்பில் வில்லோ என்ற அந்தக் குத்துச்செடி நின்றிருந்தது. முழங்கால் உயரம்கூட இல்லை. இலையெல்லாம் வெள்ளி மயிர். வில்லோவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. இது பெண். ஆடும் மானும் மேய்ந்து தீர்த்ததில் அந்த மலையில் ஆண் செடி ஒன்றுகூட மிஞ்சவில்லை. வருடந்தோறும் பூத்து, விதை பிடிக்காமலே பூக்களை உதிர்த்தது.

கணவன் ரோரி இறந்ததற்கு அடுத்த மே மாதம், மேலிடத்து அனுமதியோடு, வேறொரு மலையிலிருந்து ஆண் பூக்களை ஒரு டப்பாவில் கொண்டுவந்தாள். வேலியருகே ஆட்டுக்காரர் டூகல்ட் வண்டியை நிறுத்தினார்.

“டப்பால என்னம்மா, சாப்பாடா?”

“மாப்பிள்ளை.”

“செடிக்கா? அடடா, ஊர்ல நாங்க இத்தனை கிழவனுங்க சும்மாதானே இருக்கோம்!”

“உங்க ஆடுங்க வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா, நான் ஏன் மாப்பிள்ளை தேடி அலையப்போறேன்?”

அவர் சிரித்தார். “மேல மேகம் இறங்குது. பார்த்துப் போ.”

விளிம்பில் மண்டியிட்டு, தூரிகையால் பூப்பூவாக மகரந்தம் தடவினாள். முடிப்பதற்குள் மேகம் மூடிவிட்டது. கால் வைக்கும் இடமே தெரியவில்லை. உட்கார்ந்துவிட்டாள். குளிர்கால வெள்ளை இறகு பாதி, கோடைப் பழுப்பு பாதியாக ஒரு பனிக்கோழிப் பறவை பக்கத்தில் வந்து நின்றது.

“பயப்படாதே, நானும் வழி தெரியாமத்தான் உட்கார்ந்திருக்கேன்” என்றாள். அந்தக் குளிரில் தன் குரலே அவளுக்கு யாருடையதோ போல் கேட்டது. வீட்டில் பேச ஆளில்லாமல் எத்தனையோ நாட்கள் வாய் திறக்காமலே போயிருந்தன. சாயங்காலம் காற்று மேகத்தைக் கிழித்த பிறகுதான் இறங்கினாள்.

கோடையில் மறுபடி ஏறியபோது காய்கள் வெடித்து, விதைகளைச் சுமந்த வெண்பஞ்சு பிதுங்கியிருந்தது.

“ரோரி, இங்க பாரேன்...” என்று திரும்பிவிட்டாள். பின்னால் சரிவு மட்டும்தான் இருந்தது. காற்று பஞ்சைப் பிய்த்துப் பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோனது. எங்கே விழுந்தது என்று பார்க்க முடியவில்லை.

இரண்டு கோடை கழித்து, பாறை இடுக்கின் பாசியில் விரல் நகமளவு இலைகளோடு ஒரு வில்லோக் கன்று முளைத்திருப்பதைக் கண்டாள். ஆணா பெண்ணா என்று பூக்கும்போதுதான் தெரியும். அதற்கு வருடங்கள் ஆகும். சுற்றிலும் கம்பிவலை அடித்து, கற்களால் முட்டுக்கொடுத்தாள். வேலை முடிந்தும் எழுந்திருக்க மனம் வரவில்லை. குளிர் எலும்பைத் தொடும்வரை அதன் பக்கத்திலேயே இருந்தாள்.