கனகலிங்கம் யோசிக்கிறார்

கனகலிங்கம் குனிந்தால் அடிப்பார் என்று நம்பியதுதான் போன வருடப் பூல் போட்டியின் அரையிறுதியில் சுபாஜினி செய்த முதல் பிழை. அவர் குனிவார். பந்தடிக்கும் கோலை, கியூவை, இரண்டு தரம் முன்னும் பின்னும் இழுப்பார். பார்த்துக்கொண்டிருப்பவர்கள் எல்லாரும் மூச்சைப் பிடிப்பார்கள். பிறகு நிமிர்ந்து, கண்ணாடியைக் கழற்றி, சேர்ட்டு நுனியால் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு மேசையை ஒருமுறை வலம் வருவார். நல்லூர்க் கந்தனே வெளிவீதி சுற்றி இதைவிடக் கெதியாக இருப்பிடம் சேர்ந்துவிடுவார் என்று பின்வாங்கில் உட்கார்ந்திருப்பவர்களில் யாராவது முணுமுணுப்பார்கள். வலம் முடிந்ததும் கியூ நுனிக்குச் சோக்குக் கட்டி பூசுவார், குழந்தைக்குப் பவுடர் போடுவது மாதிரி. பிறகு குனிவார். பிறகு நிமிர்வார்.

அந்த அரையிறுதி காலைச் சாப்பாட்டோடு தொடங்கி மத்தியானச் சாப்பாட்டையும் விழுங்கிவிட்டது. கடைசி ஆட்டத்தில் பொக்கற்றுக் குழியின் வாயிலேயே உட்கார்ந்திருந்த, போட்டால் வெற்றி தரும் கறுப்புப் பந்தை, ஊதினாலே விழுந்திருக்கக்கூடிய பந்தை, சுபாஜினி எழும்பிப் போய் அடித்த அடியில் அது மேசையை விட்டுப் பாய்ந்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த ஒரு மனிதரின் சப்பாத்தடியில் போய் விழ, ஆட்டமும் போனது. தன் முறைக்காகக் கதிரையில் உட்கார்ந்து உட்கார்ந்து சேர்த்த கோபம் முழுக்க அந்த ஒரு அடிக்குள் இறங்கியிருந்தது. கனகலிங்கம் கை கொடுத்து, "நல்ல ஆட்டம், பிள்ளை" என்றார். கையையும் அவசரமில்லாமல் ஆறுதலாகத்தான் குலுக்கினார்.

சுபாஜினி நல்லூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். டொக்டர்மாரின் கிறுக்கலைத் தூரத்தில் வரும்போதே வாசித்து, ஆள் வாய் திறக்குமுன் மருந்தை எடுத்து வைத்துவிடுவாள். பூல் விளையாட்டிலும் அதே கைதான். கொழும்பில் படித்த காலத்தில் பிடித்துக்கொண்ட பழக்கம். பார்த்தாளா, அடித்தாளா, அடுத்த பந்துக்குப் போனாளா என்றிருக்கும். பலாலி வீதியில், திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட, இரும்புக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் அந்தப் பூல் மண்டபத்தில் கியூ பிடிக்கும் ஒரே பெண் அவள்தான். தொடக்கத்தில் கம்பஸ் பெடியன்கள் சிரித்தார்கள். இரண்டு கிழமையில் அவளிடம் தோற்கும் முறை வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு அக்கா என்று கூப்பிடத் தொடங்கினார்கள்.

இந்த வருடப் போட்டிக்குச் சீட்டுக் குலுக்கியபோது அரையிறுதியில் மறுபடியும் கனகலிங்கம் அவளுக்கே வந்து சேர்ந்தார். சுபாஜினி நேராக மண்டப உரிமையாளர் கஜானனிடம் போனாள்.

"கஜானன் அண்ணை, இந்த முறை ஒரு அடிக்கு இவ்வளவு நேரம் எண்டு ஒரு கணக்கு வையுங்கோ. இல்லாட்டி நான் வரேல்லை."

கஜானன் மேசைத் துணியில் இல்லாத தூசியைத் தட்டினான். "பாப்பம், தங்கச்சி."

"போன வருசமும் இதைத்தான் சொன்னனீங்கள்."

"அவருக்கு நான் என்னெண்டு சொல்லுறது? அவர் என்ரை மாமா."

அதுதான் சிக்கல். கனகலிங்கத்தின் மகளைத்தான் கஜானன் கட்டியிருந்தான். மேல்மாடி, கீழே இரும்புக்கடை, இரண்டுக்கும் நடுவிலிருக்கும் படிகள் எல்லாம் சீதனமாக வந்தவை. மேசைகளுக்கு மேலே சுற்றும் காற்றாடிகளும் மாமனார் வாங்கிக் கொடுத்தவைதான். கலியாணமாகி ஏழு வருடத்தில் கஜானன் அவருக்கு முன்னால் 'ஓம் மாமா' என்பதைத் தவிர வேறு எதுவும் பேசியதை யாரும் கேட்டதில்லை.

கனகலிங்கம் ஒரு அரசாங்கக் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கந்தோர் என்று சொல்வது வீண் வம்பு. அங்கே அவருடைய மேசைக்கு முன்னால் ஒருமுறை நின்றவர்கள் யாருக்கும் அவருடைய பூல் விளையாட்டு புதினமாக இருக்கவில்லை.

மருந்துக்கடையில் கூட வேலை செய்யும் நிரோஜினிதான் வழி சொன்னாள். அவளுக்குப் பூல் என்றால் என்னவென்றே தெரியாது. ஆனால் அவளுடைய மாமியார் வாய் ஓயாத மனுசி, அதனால் அனுபவம் இருந்தது.

"அவரைப் பாக்காதை, சுபா. நீ பாக்கப் பாக்கத்தான் உனக்கு விசர் வரும். ஏதாவது கைவேலையைக் கொண்டுபோய் வைச்சுக்கொண்டிரு. மாமி கதைக்கத் தொடங்கினால் நான் வெங்காயம் உரிப்பன்."

ஞாயிற்றுக்கிழமை காலை சுபாஜினி கியூப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளிக்கிட, தாய் சிவக்கொழுந்து வாசலை மறித்தாள்.

"நாள் முழுக்கப் பொல்லுத் தூக்கிக்கொண்டு திரியப் போறாய். இந்த முருங்கையிலையை ஆர் ஆயிறது? உன்ரை எதிராளியோ?"

வழக்கமாக இப்படியான நேரத்தில் ஒரு சண்டை நடக்கும். அன்றைக்குச் சுபாஜினி தாயின் கையிலிருந்த முருங்கைக் கொப்புகளையும் ஒரு பழைய பேப்பரையும் வாங்கி ஸ்கூட்டரின் முன்கூடையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். சிவக்கொழுந்து வாய் பிளந்தபடி நின்றாள். பிள்ளைக்குக் காய்ச்சல் கீய்ச்சல் ஏதாவதோ என்றுகூட நினைத்தாள்.

ஐந்து ஆட்டம் முதலில் எடுப்பவர் இறுதிக்குப் போவார். முதல் ஆட்டத்தைச் சுபாஜினி ஒரே வீச்சில் முடித்தாள். இரண்டாவதில் கனகலிங்கத்தின் முறை வந்தது. அவர் எழுந்தார், மேசையைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார். சுபாஜினி கதிரையில் இருந்து, மடியில் பேப்பரை விரித்து, முருங்கைக் கொப்பொன்றை எடுத்து ஈர்க்கு ஈர்க்காக உருவத் தொடங்கினாள்.

பின்வாங்கில் ஒருவன் சிரித்தான். அவனைப் பார்த்து மற்றவனும் சிரித்தான். கனகலிங்கம் குனிந்த இடத்திலேயே தலையைத் திருப்பினார்.

"என்ன பிள்ளை செய்யிறீர்?"

"முருங்கையிலை ஆயிறன், அங்கிள். நீங்கள் ஆறுதலா விளையாடுங்கோ. இன்னும் நிறையக் கிடக்கு."

அவர் அடித்தார். பந்து விழவில்லை. சுபாஜினி கையைத் துடைத்துக்கொண்டு எழும்பி, மூன்று பந்தைப் போட்டு, நாலாவதைத் தவறவிட்டு, திரும்ப வந்து அடுத்த கொப்பை எடுத்தாள். நிரோஜினி சொன்னது உண்மைதான். மடியில் இலை குவியக் குவிய நெஞ்சுக்குள் ஒரு இதமான மறதி வந்தது. அவர் வலம் வந்தால் என்ன, அங்கப்பிரதட்சணமே செய்தால் என்ன? இரவைக்கு இந்த இலையில் வறையோ சொதியோ என்பது மட்டும்தான் அவளுடைய யோசனை.

ஆனால் கனகலிங்கத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. தான் யோசிக்கும்போது எதிராளி நகத்தைக் கடித்துப் பழகியவர் அவர். இப்படி ஒரு நிம்மதியைக் கண்டதில்லை. குனியும்போதெல்லாம் கண் இலைப் பக்கம் போனது. "பழுத்த இலையெல்லாம் சேருது, பிள்ளை" என்று ஒருமுறை சொன்னார். "ஓம் அங்கிள், வீட்டை போய்ப் பேந்து பொறுக்குவன்" என்றாள் அவள். ஆட்டம் மூன்றுக்கு ஒன்று என்றானபோது அவர் கியூவை மேசையில் சாய்த்துவிட்டு மருமகனைக் கூப்பிட்டார்.

"தம்பி கஜானன், உது சரியில்லை. எதிராளியின்ரை கவனத்தைக் குழப்பிறது. சட்டத்திலை இதுக்கு இடம் இருக்கோ எண்டு பாரும்."

"ஓம் மாமா."

நடுவரும் அவன்தான். கொழும்பிலிருந்து வந்த போட்டி விதிகளை ஃபோனில் திறந்தான். மண்டபமே அவனைச் சுற்றி வந்து நின்றது. உடுப்பைப் பற்றி இருந்தது. மணிக்கூடு, மோதிரம் மேசையில் முட்டுவதைப் பற்றி இருந்தது. எதிராளிக்குச் சத்தம் போட்டு இடைஞ்சல் செய்வதைப் பற்றியும் இருந்தது.

"சத்தம் போடக்கூடாது எண்டுதான் கிடக்கு, மாமா. முருங்கையிலையைப் பற்றி ஒண்டும் இல்லை."

"வடிவாய்ப் பாரும்."

"அண்ணை, வடிவாய்ப் பாருங்கோ" என்றாள் சுபாஜினியும். "அதுக்குக் கீழை என்ன கிடக்கு எண்டும் வாசியுங்கோ. அங்கிளே சட்டம் கேக்கிறார்."

கஜானன் விரலால் கீழே தள்ளினான். அவன் முகம் வெளுத்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, வேறு யாரோ எழுதியதற்குத் தான் பொறுப்பில்லை என்ற குரலில் தமிழாக்கி வாசித்தான். ஆட்டம் மந்தமாகப் போவதாக நடுவருக்குப் பட்டால், ஒரு அடிக்கு முப்பத்தைந்து வினாடி என்று கணக்கு வைக்கலாம். இரண்டு பேருக்கும். தாண்டினால் ஃபவுல், முறை எதிராளிக்குப் போய்விடும்.



"நடுவருக்குப் பட்டால்" என்று கனகலிங்கம் திருப்பிச் சொன்னார். "உமக்கு அப்பிடிப் படுதோ, தம்பி?"

கஜானன் மாமனாரைப் பார்த்தான். காற்றாடிகளைப் பார்த்தான். ஏழு வருட 'ஓம் மாமா' தொண்டைக்குள் வரிசையாக வந்து நின்றது.

"ஓம் மாமா" என்றான்.

பின்வாங்கில் கை தட்டினார்கள். அந்த நேரத்தில் அதைவிடச் சரியான பதில் அவனுக்கு வாய்த்திருக்காது. கனகலிங்கம் பெருந்தன்மையாகத் தலையாட்டி, "சரி, சட்டம் சட்டம்தான்" என்றார். முருங்கையிலைக்குச் சட்டம் கேட்டவர் வேறென்ன சொல்வது? கஜானன் தன் ஃபோனையே மணிக்கூடாக்கி ஒரு ஸ்டூலில் நிறுத்தினான். பத்து வினாடி இருக்கும்போது அது ஒருமுறை கூவும், முடிந்ததும் இன்னொருமுறை கூவும்.

இனி மிச்சம் சுலபம் என்று நினைத்ததுதான் சுபாஜினி இந்த வருடம் செய்த பிழை.

மணிக்கூட்டுக்கு முன்னால் கனகலிங்கம் முதல் அடியில் வெள்ளைப் பந்தை நழுவவிட்டார். இரண்டாவது அடி உருப்படியாக விழுந்தது. மூன்றாவதில் ஆளே மாறிவிட்டார். வலமும் இல்லை, துடைப்பும் இல்லை. குனிந்தார், அடித்தார், பந்து போனது. அடுத்ததுக்கு நடந்தார், அடித்தார், அதுவும் போனது. கன்னம் சிவந்து, தலைமயிர் கலைந்து, பத்து வயது குறைந்த மனிதராக மேசையைச் சுற்றி ஓடினார். "உது நல்லாத்தான் கிடக்கு!" என்று பொதுவாக எல்லாருக்கும் சொன்னார். அவருக்கு இப்படி ஒரு கை இருந்தது என்று அவருக்கே தெரியாது போலிருந்தது. அத்தனை வருடமும் யோசித்தே அதைக் கெடுத்து வைத்திருந்திருக்கிறார்.

சுபாஜினிக்கோ வாழ்க்கையில் முதல்முறையாக நேரம் கிடைத்திருந்தது. அவளுக்கு எப்போதும் ஐந்து வினாடி போதும். மிச்ச முப்பதும் ஸ்டூலில் இருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. இவ்வளவு தந்திருக்கிறார்களே, யோசிக்காமல் அடித்தால் பிழையோ என்று யோசித்தாள். யோசித்து அடித்த பந்து விழவில்லை. மூன்றுக்கு ஒன்று மூன்றுக்கு மூன்றானது. பிறகு நாலுக்கு நாலு. இலைக் கொப்புகள் தொடாமல் கிடந்தன. ஐயோ, நானே கத்தியைத் தீட்டி அவர் கையில் கொடுத்துவிட்டேனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கடைசி ஆட்டத்தில் அவளுக்கு இன்னும் இரண்டு பந்து இருந்தது. கனகலிங்கத்துக்குக் கறுப்பு மட்டும்தான் மிச்சம், அதுவும் நடுப் பொக்கற்றுக்கு நேரே. மணிக்கூடு ஓடத் தொடங்கியது. அவர் குனிந்தார். அப்போது சேர்ட்டுப் பையில் ஃபோன் அடித்தது.

விட்டுவிட்டு அடித்திருக்கலாம். ஆனால் திரையில் கனகாம்பிகை என்றிருந்தது. அவருடைய மனைவி. கறுப்புப் பந்து காத்திருக்கும், கனகாம்பிகை காத்திருக்க மாட்டாள் என்பது முப்பத்தெட்டு வருடப் படிப்பு.

"சொல்லும்... ஓம்... தண்ணித் தாங்கி நிரம்பி வழியுதோ? மோட்டரை நிப்பாட்டுமன்... கதவடியிலை இருக்கிற சுவிச்சு... அது லைற்றப்பா, மற்றது..."

ஸ்டூலில் இருந்த ஃபோன் முதல் தரம் கூவியது. கனகலிங்கம் ஒற்றைக் கையால் கியூவைப் பிடித்தபடி, "இல்லை, அதுக்குப் பக்கத்திலை, சிவப்பு" என்றார். இரண்டாம் தரம் கூவியது.

எல்லாரும் கஜானனைப் பார்த்தார்கள்.

"ஃபவுல், மாமா" என்றான் கஜானன், சின்னக் குரலில்.

"என்ன?"

"ஃபவுல்!" இந்த முறை கீழே இரும்புக்கடைக்கே கேட்டிருக்கும். "நேரம் முடிஞ்சுது, மாமா! ஃபவுல்!" சொன்ன ருசியில் மூன்றாம் தரமும் சொன்னான். தேவையில்லாமல்தான்.

ஃபோனுக்குள்ளிருந்து கனகாம்பிகையின் குரல் எல்லாருக்கும் கேட்டது. "ஆர் அங்கை கத்துறது?"

"மருமோன்."

"அவர் ஏன் கத்துறார்?"

"எனக்குத் தெரியேல்லை. நீர் சிவப்பை அமத்தும்."

வெள்ளைப் பந்து சுபாஜினியின் கைக்கு வந்தது. விரும்பிய இடத்தில் வைக்கலாம். வைத்தாள். மணிக்கூட்டை அவள் பார்க்கவேயில்லை. ஒன்று, இரண்டு, கறுப்பு. கஜானன் ஸ்டூலில் இருந்த ஃபோனில் விரல் வைக்குமுன் முடிந்துவிட்டது.

கனகலிங்கம் கை கொடுத்தார். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. மருமகனை மட்டும் கொஞ்ச நேரம் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, "தொண்டை நல்லாக் கிடக்கு உமக்கு" என்றார்.

இறுதி ஆட்டம் மத்தியானத்துக்குப் பிறகு. எதிராளி சுன்னாகத்தில் இருந்து வந்த கீர்த்திகன், கம்பஸில் முதலாம் வருடம் படிக்கிறவன். அவன் அவளைவிட வேகம். சுபாஜினி கதிரையில் இருந்து தண்ணீர்ப் போத்தலைத் திறக்க, அவன் ஒரு ஆட்டத்தை முடித்துவிட்டு அடுத்ததுக்குப் பந்து அடுக்கிக்கொண்டிருந்தான். அவனைப் பிடிக்கவேண்டும் என்று அவளும் ஓடினாள். ஓடி அடித்ததில் பாதி விழவில்லை. ஐந்துக்கு ஒன்று. தேத்தண்ணி கொண்டுவரப் போனவர்கள் திரும்பி வரும்போது பரிசு கொடுத்து முடிந்திருந்தது.

சுபாஜினி இரண்டாம் பரிசுக் கிண்ணத்தோடு படியிறங்கினாள். கனகலிங்கம் படியடியில், கைப்பிடியில் சாய்ந்துகொண்டு நின்றார். அவ்வளவு நேரமும் போகாமல் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார்.

"அவன் வலு கெதி, என்ன?" என்றார்.

"ஓம் அங்கிள்."

"நான் நினைக்கிறன்..." என்று தொடங்கிக் கண்ணாடியைக் கழற்றினார்.

அவர் என்ன நினைக்கிறார் என்பது வர நேரமெடுக்கும் என்று சுபாஜினிக்குத் தெரியும். கிண்ணத்தைப் படியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பலாலி வீதியில் ஒரு பஸ் போனது, பிறகு இன்னொன்று போனது. கண்ணாடி துடைபட்டு மூக்குக்கு ஏறியது.

"நீர் கொஞ்சம் ஆறுதலா விளையாடியிருக்கலாம்" என்றார் கனகலிங்கம்.