முந்திக் கேட்ட மன்னிப்பு

அமெரிக்கர்களின் வீட்டுச் சாமான்களைக் கட்டி ஏற்றுவது அன்ரனிற்றாவின் வேலை. ஜெர்மனியில் கைசர்ஸ்லவுட்டர்ன் பக்கம் அந்த வேலைக்குப் பஞ்சமே இல்லை. அமெரிக்கப் படைத்தளத்துக்கு வருகிறவர்கள் இரண்டு மூன்று வருடத்தில் கிளம்பிவிடுவார்கள். வரும்போது ஒரு வீட்டுச் சாமானோடு வந்தவர்கள் போகும்போது ஒன்றரை வீட்டுச் சாமானோடு போவார்கள். அதைத் தோளில் சுமந்து இறக்குகிறவர்களின் பெயரை அவர்கள் கேட்பதில்லை.

அன்றைக்குப் பக்கத்து ஊரான லான்ட்ஸ்டூலில் மூன்றாம் மாடி வீடு. லிஃப்ட் இல்லை. ஆட்கள் மூன்று பேர். மேற்பார்வை ரவிச்சந்திரன் அண்ணை, அறுபதை நெருங்குகிற யாழ்ப்பாணத்து மனிதர். கண்ணாடி, பீங்கான் எல்லாம் சுற்றிக் கட்டுவது அன்ரனிற்றா. தூக்குவது ஓடெல்.

ஓடெல் மெம்பிஸ் நகரத்துக் கறுப்பர். அமெரிக்கப் படையில் இருந்து விலகி இங்கேயே தங்கிவிட்டவர். மகள் இங்கே தாயோடு வளர்கிறாள். வேலையில் அவருடைய சோதனைக் காலம் அந்தக் கிழமையோடு முடிகிறது. திங்கட்கிழமை நிரந்தர ஒப்பந்தத்தில் கையெழுத்து. அது கையில் இருந்தால்தான் விசா நீளும். விசா நீண்டால்தான் மகள் இருக்கிற ஊரில் அவர் இருக்கலாம். விசா என்றால் என்னவென்று ரவி அண்ணைக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

வீட்டுக்காரர் ஹால்வர்சன் என்ற வெள்ளைக்காரர். தளத்துக் கந்தோரில் மேசை உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்று ஊருக்குப் போகிறவர். கையில் கோப்பிக் கோப்பையோடு குசினியில் அடுப்புப் பக்கத்து மேசையில் சாய்ந்து நின்றார். எல்லாரும் வேலை செய்யும்போது சும்மா நிற்கிறவனுக்குக் கதை வரும். அவருக்கும் வந்தது.

"எந்த ஊர் நீ?" என்று ஓடெலைக் கேட்டார்.

"மெம்பிஸ், சேர்."

"நினைச்சேன். கூடைப்பந்து ஆடியிருப்பாய், என்ன?"

"இல்லை சேர். எனக்குப் பந்து ஒத்துவராது."

"உன் உயரத்துக்கு? நம்பமாட்டேன்." ஹால்வர்சன் சிரித்தார். "உங்கள் ஆட்களுக்குப் பட்டாளம் நல்ல காரியம். இல்லாவிட்டால் தெருவிலே நின்று கெட்டுப்போகிறார்கள். வீட்டிலே அப்பா இருப்பதில்லை, அதுதான் பிரச்சினை. நான் பழகிப் பார்த்தவன், எனக்குத் தெரியும்."

அன்ரனிற்றா தட்டொன்றைத் தாளில் சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். கொன்வென்டில் படித்த ஆங்கிலம், இந்த வேலையில் அடிபட்டுத் தேறிய ஆங்கிலம். ஒரு சொல்லும் தப்பவில்லை.

"என் அப்பா தபால்காரர்," என்றார் ஓடெல். "ஒவ்வொரு நாளும் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். வராமல் இருந்திருந்தால் நான் சந்தோசப்பட்டிருப்பேன். கணக்குப் பாடம் கேட்பார்."

"அதுதான் நீ மற்றவர்களைப் போல இல்லை."

ஓடெல் பெட்டியோடு நின்றார். "மற்றவர்கள் என்றால் யார், சேர்?"

"பொதுவாகச் சொன்னேன். தப்பாக எடுக்காதே."

"பொதுவாக என்றால் நானும் ஒன்று சொல்லலாமா? உங்கள் ஆட்கள் எங்களைக் கேள்வி கேட்பார்கள். பதில் வந்ததும் பயப்படுவார்கள்."

"பார்த்தாயா, இந்தக் கோபம்." ஹால்வர்சன் கோப்பையை வைத்தார். "இதைத்தான் நான் சொல்கிறேன். உங்களோடு ஒரு வார்த்தை பேச முடியாது."

"நான் கோபப்படவில்லை, சேர். என் கையில் உங்கள் சட்டி பானை இருக்கிறது." சொல்லிவிட்டு ஓடெல் பெட்டியோடு படி இறங்கினார். சத்தம் கூட்டவில்லை, ஓரடி கிட்ட வரவுமில்லை.

ஹால்வர்சன் பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தொலைபேசியை எடுத்தார். பிறகு அன்ரனிற்றாவிடம் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "நீங்கள் வேறு மாதிரி. அமைதி, உழைப்பு. எனக்கு ஒரு இந்திய டொக்டர் இருந்தார், தங்கமான மனிதர்."

"நான் இந்தியா இல்லை, இலங்கை," என்றாள் அவள்.

"அதெல்லாம் ஒன்றுதான்," என்றார் அவர்.

கீழே லொறியில் நின்ற ரவி அண்ணைக்கு முதலாளி ஹெல்விக்கிடமிருந்து அழைப்பு வந்தது. உன்னுடைய ஆள் வாடிக்கையாளரை மிரட்டினானாம், போய்ப் பார் என்றார். அண்ணை மூன்று மாடியும் ஏறினார். படியில் ஓடெல் எதிர்ப்பட்டார். என்ன நடந்தது என்று அண்ணை கேட்கவில்லை. குசினியில் அன்ரனிற்றா இருந்தாள். அவளையும் கேட்கவில்லை. நேரே பல்கனிக்குத் திரும்பியிருந்த ஹால்வர்சனிடம் போய், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தெரிந்த நாலு ஆங்கிலச் சொல்லில் சொன்னார்: "சொறி சேர். ஹி சொறி. பிக் சொறி."

அது அவருக்குப் பழகிய வேலை. எண்பதுகளில் கிழக்கு பெர்லினில், ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் அகதியாக வந்து இறங்கினபோது எதற்கென்று தெரியாமலே சொன்ன சொல். பிறகு வெளிநாட்டவர் கந்தோரில், பஸ்ஸில் டிக்கெட் பார்க்கிறவனிடம், மாடிப்படி கூட்டவில்லை என்று கத்துகிற கீழ்வீட்டுக் கிழவியிடம். முந்தி மன்னிப்பைக் கேட்டுப்போட்டால் மற்றவன் ஆறிவிடுவான், பிறகு எங்கட அலுவலைப் பாக்கலாம். கூட வந்து இறங்கிய எல்லாரும் இப்படித்தான் பிழைத்தார்கள். ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்ததும் இதைத்தான்.

ஹால்வர்சன் ஆறவில்லை. மறுபடி தொலைபேசியை எடுத்தார். "உங்கள் மேற்பார்வையாளரே ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டுவிட்டார்," என்று முதலாளியிடம் சொன்னார்.

சற்று நேரத்தில் தீர்ப்பு வந்தது. ஓடெல் வீட்டுக்குப் போகலாம். திங்கட்கிழமைக் கையெழுத்து இல்லை.

அதை அண்ணை லொறியடியில் ஓடெலிடம் சொன்னபோது, பெட்டி ஒட்டும் ரேப் எடுக்க வந்த அன்ரனிற்றாவும் நின்றாள்.

"நீ எனக்காக மன்னிப்புக் கேட்டாயா?" ஓடெலின் குரல் அப்போதுதான் முதல்தடவையாக உயர்ந்தது. அரைகுறை ஜெர்மனில் கேட்டார். "நான் என்ன சொன்னேன் என்று தெரியுமா உனக்கு?"

"உன்ர நன்மைக்குத்தான்," என்றார் அண்ணை ஜெர்மனில்.

"நீங்கள் எல்லாரும் இப்படித்தான். வெள்ளைக்காரன் இருமினால் குனிவீர்கள். உங்கள் ஆட்களை எனக்குத் தெரியும்."

அன்ரனிற்றாவுக்குச் சுர்ரென்றது. "நிப்பாட்டு. மேலே அவன் உன்னைச் சொன்ன அதே கதையை நீ எங்களுக்குச் சொல்லாதே. குனிஞ்சது இந்த மனுசன். நான் குனியேல்லை."

ஓடெல் அவளைப் பார்த்தார். பிறகு லொறிப் படியில் போய் உட்கார்ந்து கையுறையைக் கழற்றினார்.

அவள் அண்ணையிடம் திரும்பித் தமிழுக்கு மாறினாள். "அண்ணை, என்ன நடந்தது எண்டு என்னைக் கேட்டனீங்களே?"

"கேக்கிறதுக்கு என்ன கிடக்கு பிள்ளை? இந்தக் காப்பிலியள் வாய்க்காரர். ஏதும் சொல்லித்தான் இருப்பான்."

"அந்தச் சொல்லை விடுங்கோ. உங்களை இஞ்ச என்னென்ன சொல்லிக் கூப்பிட்டவங்கள் எண்டு நீங்களே எனக்குச் சொன்னனீங்கள். அவர் ஒண்டும் சொல்லேல்லை. உங்கட ஆக்களின்ர வீட்டிலை அப்பனே இருக்கிறேல்லை எண்டு சொன்னவன் அந்த மனுசன். இவர் நிண்டு பதில் சொன்னவர், அவ்வளவுதான்."

அண்ணை தொப்பியைத் தலையில் வைத்தார், எடுத்தார். "சரி, நடந்தது நடந்துபோச்சு. நான் கேட்டது ஒரு சொறிதானே. சொறி கேட்டு ஆர் செத்தது?"

"நீங்கள் சாகேல்லை. அவரின்ர விசா செத்துப்போச்சு. மன்னிப்பைத் திருப்பி எடுங்கோ."

"உனக்கென்ன விசரே? கேட்ட மன்னிப்பை ஆரும் திருப்பி எடுப்பினமே? அது ஏலாது."

"அப்ப எனக்கும் ஏலாது." கையிலிருந்த கத்திரிக்கோலை லொறித் தட்டில் வைத்தாள். "மேல அரைவாசிப் பீங்கான் நிலத்திலை கிடக்கு. நான் ஒரு கோப்பையும் சுத்தமாட்டன். நீங்களே சுத்துங்கோ. உடைஞ்சா அதுக்கும் சொறி கேளுங்கோ."

அண்ணைக்குப் பீங்கான் சுற்றத் தெரியாது. பின்னேரம் லொறி துறைமுகத்துக்குப் புறப்பட வேண்டும். அவர் லொறியைச் சுற்றி ஒருதரம் நடந்தார். ஓடெல் உட்கார்ந்திருந்த இடத்தைத் தாண்டும்போது அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பிறகு முதலாளியை அழைத்து, ஒலிபெருக்கியைப் போட்டுத் தொலைபேசியை அன்ரனிற்றாவிடம் நீட்டினார்.

அவள் நடந்ததை நடந்தபடி சொன்னாள். ஜெர்மனில், சொல்லுக்குச் சொல்.

ஹெல்விக் பொறுமையாகக் கேட்டார். "எல்லாம் சரி அன்ரனிற்றா. ஆனால் ரவி மன்னிப்புக் கேட்டிருக்கிறாரே. ஒன்றுமே நடக்காமல் எவனாவது மன்னிப்புக் கேட்பானா?"

 வாய் திறந்தது ரவி அண்ணை.

"நான் கேட்பேன்."

"என்ன?"

"நான் கேட்பேன், ஹெர் ஹெல்விக். இந்த நாட்டில் என் வேலையே அதுதான். உங்களிடமும் கேட்டிருக்கிறேன். போன மாரிக் குளிரில் லொறியின் பக்கக் கண்ணாடி உடைந்ததற்குக் கேட்டேன், நினைவிருக்கிறதா? அதை உடைத்தது உங்கள் மருமகன். நான் அன்றைக்கு லொறியில் ஏறவே இல்லை."

 ஓடெல் தலையை நிமிர்த்தினார்.

"எனக்கு ஏன் சொல்லவில்லை?"

"நீங்கள் கேட்கவில்லையே. ரவியாகத்தான் இருக்கும் என்று எல்லாரும் நினைத்தீர்கள். நானும் இன்றைக்கு இவனைக் கேட்கவில்லை. இவனாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்."

ஹெல்விக் தொண்டையைச் செருமினார். அவர் நல்லவரும் இல்லை, கெட்டவரும் இல்லை. துறைமுகத்தில் கப்பல் நிற்பதும், தெருவில் வேலையை விட்டுவிட்டு மூன்று பேர் நிற்பதும் அவருக்குத் தெரியும். "திங்கட்கிழமைக் கையெழுத்து முன்பு பேசினபடியே நடக்கும்," என்றார். "ஆனால் சாமான் இன்றைக்கு ஏறவேண்டும். வாடிக்கையாளரிடம் நீயே போய்ச் சொல், ரவி. மன்னிப்புச் சொன்னவன் நீ."

அண்ணை மறுபடி மூன்று மாடி ஏறினார். அன்ரனிற்றா பின்னால் போனாள். இந்தமுறை தொப்பி தலையிலேயே இருந்தது.

"சேர்," என்றார். "சொறி, நோ. ஐ டேக் பாக். ஹி நத்திங் டூ. ஐ நாட் ஆஸ்க் ஹிம்."

ஹால்வர்சனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் சிவந்தது. தான் அப்படிப்பட்டவன் இல்லை என்றார். தனக்குக் கறுப்பு நண்பர்கள் உண்டு என்றார், அவர்களில் ஒருவரின் பெயரையும் சொன்னார். தான் எல்லாரையும் ஒன்றாகத்தான் நடத்துகிறவன் என்றார். நீளமாகப் பேசினார். அண்ணைக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, என்ன சொல்லுறார் என்பது போல அன்ரனிற்றாவைப் பார்த்தார். அவள் மொழிபெயர்க்கவில்லை.

"அப்போ என் சாமானை யார் ஏற்றுவது?" என்று கடைசியில் கேட்டார் ஹால்வர்சன்.

"மூன்று பேரும்," என்றாள் அன்ரனிற்றா. "இல்லாவிட்டால் ஒருத்தரும் இல்லை."

அவர் சுற்றிப் பார்த்தார். கட்டில் கழற்றிக் கிடந்தது. அலுமாரி வெறுமையாகத் திறந்து கிடந்தது. நிலம் முழுக்கப் பீங்கான். அடுத்த நாள் விமானம். "சரி," என்றார். "ஆனால் அவன் குசினிக்குள் வரவேண்டாம். வெளியே நின்று வாங்கட்டும்."

கதவு வரை வந்துவிட்டிருந்த ஓடெலுக்கு அது கேட்டது. ரவி அண்ணைக்குக் கூட அது விளங்கியது. அதற்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை.

"ஹோல் ஹவுஸ், சேர்," என்றார் அண்ணை. "ஹி கம் ஹோல் ஹவுஸ்."

ஓடெல் உள்ளே வந்து ஒரு பெட்டியைத் தூக்கினார். யாருக்கும் நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்லவேண்டும்? அவருடையதைப் பறித்தவர்கள் திருப்பித் தந்தார்கள், அவ்வளவுதான். குசினி வாசலில் நின்ற ஹால்வர்சன் கையை நீட்டி, "மனதிலே ஒன்றும் வைத்துக்கொள்ளாதே, என்ன?" என்றார்.

ஓடெல் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார்.

"வாசலை மறைக்கிறீர்கள், சேர்," என்றார்.