கார்டு இல்லாத பிரஸ்

தகட்டை அமுக்கி டப்பா மூடி அடிக்கும் பிரஸ் மெஷினுக்கு முன்னால் இருக்கும் மஞ்சள் கம்பி வலையை அந்தத் தொழிற்சாலையில் கார்டு என்பார்கள். அது மூடியிருந்தால் உள்ளே கை போக வழியில்லை. திங்கட்கிழமை காலை மிளகா வேலைக்கு வந்தபோது வலை இருந்த இடத்தில் நான்கு போல்ட் ஓட்டைகள்தான் இருந்தன. மிளகா என்பது அவள் வாய்க்காக மற்றவர்கள் வைத்த பெயர். எட்டு வருடமாக அவள் ஓட்டும் பிரஸ் அது.

“கார்டு எங்க சார்?”

சூப்பர்வைசர் நிமிரவில்லை. “அவசர ஆர்டர்மா. அதத் தெறந்து மூடுறதுலயே நேரம் போவுது. ரெண்டு நாளைக்கு அது இல்லாம ஓட்டு. உனக்குத் தெரியாத மெஷினா?”

“எனக்கு மெஷினத் தெரியும். மெஷினுக்கு என்னத் தெரியாதே.”

ஸ்விட்சை அணைத்துவிட்டு ஸ்டூலில் கைகட்டி உட்கார்ந்துகொண்டாள்.

“வெளிய போறியா, கார்டக் கூப்பிடவா?”

வாசல் காவலுக்கும் அங்கே அதே பெயர்தான்.

“நானும் அதத்தான சார் கேட்டுக்கிட்டிருக்கேன். கூப்பிடுங்க.”

பக்கத்து பிரஸ்களில் இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். சூப்பர்வைசருக்கு முகம் கறுத்தது. போன் செய்தார்.

நீலச் சட்டையும் தடியுமாக வந்த கார்டு அவளுடைய சொந்த அண்ணன். அவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான்.

“இவள வெளிய கொண்டுபோய் விடு” என்றார் சூப்பர்வைசர்.

அண்ணன் அவள் காதருகே குனிந்தான். “ஒரு நாள் பொறுத்துக்கயேன்மா. என் வேலையும் சேந்து போயிரும்.”

“கை போனா நீ வேற கை தருவியாண்ணே?”

அவன் பிரஸ் பக்கம் திரும்பினான். வலை இல்லாத திறப்புக்குள் மெதுவாகத் தன் கையை நீட்டிப் பார்த்தான். மேலே தொங்கிய இரும்பைக் கண்டதும், மெஷின் நின்றிருந்தும், வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

“சார், திருடன் வந்தா புடிக்கிறேன். சண்ட வந்தா வெலக்கி விடுறேன். இது என்னால ஆவாது.”

“அப்ப சட்டையக் கழட்டி வச்சுட்டுப் போ.”

அண்ணன் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு முதல் பட்டனைக் கழற்றினான். பக்கத்து பிரஸ் நின்றது. அதற்கடுத்தது நின்றது. கடைசி வரிசை வரை ஒவ்வொன்றாக ஓய்ந்து, மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அந்த அமைதியைக் கேட்டுத்தான் மேனேஜர் அறையை விட்டு வெளியே வந்தார். அரை மணி நேரத்தில் ஸ்டோர் ரூமிலிருந்து வலை வந்தது. மெக்கானிக் நான்கு போல்ட்டையும் முடுக்கினார்.

மிளகாவை யாரும் தொடவில்லை. அண்ணனைத்தான் மறுவாரமே ஊரின் மறுகோடியிலிருந்த கிடங்குக்கு மாற்றினார்கள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். அண்ணி போனில் பிடித்துக்கொண்டாள்.

“உன் வீம்புக்கு என் புருஷன்தான் கெடச்சாரா? பிள்ளைங்க தூங்குன பொறவுதான் வீட்டுக்கு வர்றாரு.”

“திட்டுங்க அண்ணி, கேட்டுக்குறேன். ஆனா நாளைக்கே மறுபடி கழட்டுனாலும் நான் உக்காரத்தான் செய்வேன்.”

  அண்ணியின் குரல் இறங்கியது.

“எங்க சலவைக் கம்பெனில துணி பிழியிற மெஷினுக்கு மூடியே கெடையாது. கேட்டா மொதலாளி பழகிரும்ங்கிறான்.”

“எத்தன பேரு வேல செய்றீங்க?”

“ஆறு பேரு.”

“ஆறு பேரும் உக்காந்தா போதும் அண்ணி” என்றாள் மிளகா.